அலகுக்கு அரை மதிப்பெண்

என் சாதிக் மச்சானுக்கு,

போதும், இருபத்தெட்டு வருடம் உன்னிடம் வாய் மூடியிருந்துவிட்டேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. கல்லூரி வகுப்புக்காரர்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். எல்லாரும் உன் நல்ல குணத்தை எழுதுவார்கள். நான் அந்த அரை மதிப்பெண்ணை எழுதுகிறேன்.

இயற்பியல் தேர்வில், இழுத்த கம்பியில் ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு. இருவருக்கும் ஒரே எண். நீ ஜூல்/கன மீட்டர் என்று போட்டாய், நான் நியூட்டன்/சதுர மீட்டர். “இது அழுத்தத்தோட அலகு” என்று சார் சிவப்பில் அடித்தார். அந்த அரையில் நீ முதல், நான் இரண்டாவது. கோடையில் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள். நீ போனாய்.

விடைத்தாள் கொடுத்த அன்றே, இரண்டும் ஒன்றுதான் என்று சாரிடம் வந்து சொல்லேன் என்று கேட்டேன். கேன்டீனில் எல்லார் முன்னாலும் சிரித்தாய்.

“அர மார்க்குக்கு இன்னாத்துக்கு மாமே இம்மாம் சீனு? டீய குடி, ஆறிகினு கீது.”

அன்று ஆறியது டீ மட்டும்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அழுத்தம் அளக்கும் பிரஷர் கேஜ் சரிபார்க்கிறேன், இன்றும். ஒரே முள், இரண்டு வட்டத்தில் இரண்டு அலகு. பார்க்கும்போதெல்லாம் என் இடத்தை நீ பறித்த கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று. கேன்டீனில் நீ சிரித்த மறுநாள் ஞாயிறு, பூந்தமல்லியிலிருந்து அயனம்பாக்கத்துக்கு சைக்கிள் மிதித்து வந்தாய். நான் வீட்டில் இல்லை என்று அக்காவைச் சொல்லவைத்தேன். ஏரிக்கரையில் நீ மறையும்வரை ஜன்னலோரம் நின்றேன். நீ கொடுத்துவிட்டுப் போன தாளை அன்றே படித்தேன். ஜூல் என்பது நியூட்டன் மீட்டர். அதைக் கன மீட்டரால் வகுத்தால் மேலும் கீழும் ஒரு மீட்டர் அடிபடும். மிஞ்சுவது நியூட்டன்/சதுர மீட்டர். மூன்றே வரி. அடியில், ‘நாளைக்கு பத்து மணிக்கு உன் பேப்பரோட சார் ரூமுக்கு வா. ரெண்டு பேரும் போலாம்.’

நான் போகவில்லை. உன் தயவில் வரும் அரை எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். மெட்ரோ தூண்களுக்கு நடுவே உன் தெருவே அடையாளம் தெரியவில்லை. “இன்னாண்ணே, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?” என்றாள் உன் மனைவி. டீ கொடுத்தாள். பிறகு, “பெல் அடிக்கிற வரைக்கும் சார் ரூமாண்ட நின்னுகினு இருந்தேன்னு சொல்லுவாரு. பேப்பரு உங்க கையில இருந்திச்சாமே?” என்றாள்.

ஏன் ஒருமுறைகூட என்னிடம் சொல்லிக்காட்டவில்லை நீ?

இனி யாரிடம் அந்தக் கதையைச் சொன்னாலும், நீ காத்திருந்தாய், நான்தான் வரவில்லை என்று முடிப்பேன். இது சத்தியம்.

பெயர் போட்டால் என் நேர்மையைப் பாராட்டுவார்கள். அது வேண்டாம். போடாமலே மலருக்குத் தபாலில் சேர்க்கிறேன். அலகு போடாத விடைக்கு அரை குறையும். குறையட்டும்.

உன்
மாமே