பாடம் எடுத்தவன்

என் கோபக்காரிக்கு,

உன் கோபம் நியாயம்தான்.

பிரார்த்தனைக் கூடத்தில் வாரந்தோறும் ‘உழைத்து உண்ணுங்கள், கடவுள் தந்ததை அளந்து செலவழியுங்கள்’ என்று பாடம் எடுத்தேன். வேலை போனதை உன்னிடம் மறைத்து, உன் வளையல்களை அடகு வைத்துக்கொண்டே ஐந்து மாதம் அந்தப் பாடத்தை எடுத்தேன். அதை அடகுக்கடைக்காரர் வாயால் கேட்டுத்தான் நீ அம்மா வீட்டுக்குப் போனாய்.

போன ஞாயிறு எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பிறகு பஸ் டிரைவரின் மனைவி எழுந்தார்.

“எங்க வீட்லயும் அடகுதான் அண்ணே. உங்க பாடத்தக் கேட்டு வெளிய சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தோம். உக்காருங்க, சேந்தே கணக்குப் போடுவோம்.”

பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து நானும் நம் கடன் கணக்கை எழுதினேன்.

அவர் கணவர் சொல்லி ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. மாவு மூட்டை இறக்குகிறேன். இடுப்பு பாடாய்ப் படுத்துகிறது. ஆனால் படுத்ததும் தூக்கம் வருகிறது. கூலியில் முதலில் வாடகை, அடுத்து உன் வளையல். ஒன்றை மீட்டுவிட்டேன்.

எப்போது வருவாய் என்று கேட்க மாட்டேன். ஆனால் உன் அக்கா விசாரித்தால், ஆபீசில் இருக்கிறார் என்று எனக்காக இனிச் சமாளிக்காதே. மூட்டை தூக்குகிறார் என்றே சொல்.

பதிலுக்கு அவசரப்படுத்தாத,
உன் வீட்டுக்காரன்