பேஸைக் குடித்த மெத்தை

அப்பா,

கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் மூடி வைத்திருக்கிறேன்.

ஸ்பீக்கரைத் திருப்பி எடுக்கக் கடைக்காரச் சேட்டன் பதினொரு மணிக்கு வருவார். கொடுக்க வேண்டாம். "பேஸ் வெறும் குடத்தை உருட்டுற மாதிரி இருக்கு, நீ பார்த்து வாங்கின லட்சணம்" என்றீர்கள். முதல் மாதம் இதே பெட்டி ஒழுங்காகத்தான் பாடியது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்டிலையும் பஞ்சு மெத்தையையும் தானம் கொடுத்தோமே, அன்றிலிருந்துதான் உருட்டுகிறது. பேஸை, அந்தக் கனத்த அடி ஒலியை, மெத்தை குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று பிசிக்ஸ் சாரிடமும் கேட்டுவிட்டேன்.

பெட்டியைச் சுவரைவிட்டு இரண்டடி நகர்த்தினேன். பாதி அடங்கியது. மீதிக்கு எர்ணாகுளத்தில் மெத்தை வாங்கி நாலு மணி போட்டில் வருகிறேன்.

பிச்சைமணி

பி.கு.: மெத்தை ஸ்பீக்கருக்குத்தான். ஒரு மாதமாகச் சிமெண்ட் தரையில் கிடக்கிறீர்கள். அது பாடாத நேரத்தில் நீங்கள் படுத்துக்கொண்டால் ஸ்பீக்கருக்கு ஆட்சேபணை இல்லை.