எண்பதில் ஆடிய ஸ்டியரிங்

மாப்பிள்ளை,

எல்லாம் எனக்கு முன்பே தெரியும். உங்கள் வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்த அன்றைக்கே முழுக் கதையும் விளங்கிவிட்டது. இதை நான் சொல்லாத ஆள் சூளகிரியில் பாக்கி இல்லை.

இன்று காலை ராயக்கோட்டை தக்காளி வியாபாரி ஒருவர் கடைக்குக் கார் கொண்டுவந்தார். "எண்பது தொட்டா ஸ்டியரிங் கையில ஆடுதுங்க" என்றார். நீங்கள் சொன்ன அதே வார்த்தை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ரிம்முக்கு உள்பக்கம் தோட்டத்துச் சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது. சுரண்டி எடுத்து, பேலன்சிங் மெஷினில் சுழற்றி, கனம் குறைந்த பக்கத்தில் சின்ன ஈயத் துண்டு ஒன்றை அடித்தேன். ஆட்டம் நின்றது. மனுஷன் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் அதற்குமேல் கை ஓடவில்லை. அடுத்த வண்டிக்காரரை மத்தியானம் வரச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். ஒரு தடவை படித்தவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்பேன், நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் வண்டி ஆட்டத்தைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது. அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரிலிருந்து ஏழெட்டு இன்ஜினியர்கள் என் கையைப் பார்க்கவே வந்திருக்கிறார்கள். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், சீட் ஆடினால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க் கோணியிருக்கிறது. சிக்னலில் சும்மா நிற்கிற வண்டி உதறினால் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் செத்துப்போயிற்று என்று அர்த்தம். வேகம் கொடுக்கிறபோது உதறினால் ஆக்சில். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மெஷின் வேண்டாம், உள்ளங்கை போதும்.

நீங்கள் முதலில் வந்தது ஆடிக் காற்று அடித்த ஒரு காலை. ஓசூர் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற உங்கள் வண்டியில் கம்பெனி சூப்பர்வைசரும் வந்திருந்தார். "எங்க மச்சான் கை வெச்சா போதும் சார், கோளாறு எங்கன்னு சொல்லிடுவாரு" என்றீர்கள். நான் ஓட்டினேன், நீங்கள் பக்கத்தில், அவர் பின்னால். கிருஷ்ணகிரி ரோட்டில் எண்பது, தொண்ணூறு, நூறு. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தால் சொட்டுச் சிந்தியிருக்காது. திரும்பி வந்ததும் உங்களைத் தனியாகக் கூப்பிட்டேன். "மாப்பிள்ளை, வண்டி சுத்தம். உங்க கையை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். நீங்கள் கேட்கவில்லை.

அப்புறம் எட்டு மாதம். நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் பார்த்தேன். டிஸ்க் மாற்றினேன், ரப்பர் மாற்றினேன், கடைசியில் ஆக்சிலையே மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் "இப்ப பரவால்ல மச்சான்" என்று போவீர்கள், பத்து நாளில் திரும்ப வந்து நிற்பீர்கள். பங்குனி வெயிலில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தீர்கள். "என்ன மாப்பிள்ளை, குளிருதா?" என்று கிண்டல் செய்தேன். "உங்க கடைப் பக்கத்து டீ அவ்ளோ கனம் மச்சான்" என்றீர்கள். இருவரும் சிரித்தோம்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், நடுக்கம் எப்போது ஆரம்பித்தது என்று. "வண்டியிலதான் சார் நடுக்கம், எட்டு மாசமா. எல்லாம் மாத்தியாச்சு" என்றீர்கள். அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மூளையில் கட்டி. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் எடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். அதற்கப்புறம் நாற்பது நாள்தான்.

தங்கச்சி உங்கள் படத்துக்குப் பூ வைக்கிறபோதெல்லாம் உங்களைத் திட்டுகிறாள். "எங்க அண்ணன் அன்னிக்கே சொல்லுச்சே, கேட்டியா? எனக்காவது ஒரு வார்த்தை சொன்னியா?" உங்கள் மகள் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். நேற்று படத்தில் பூ இல்லை. ஏன் என்று கேட்டேன். "பேச்சு கேக்காம எங்களை விட்டுட்டுப் போன ஆளுக்கு என்ன பூ வேண்டிக் கிடக்கு" என்று சொல்லித் தங்கச்சி எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன், மாப்பிள்ளை. இரண்டாம் தடவை ரசமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

டாக்டரைப் பார்க்கச் சொல்லி நான் உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தனியாகக் கூப்பிடவும் இல்லை. சாவுக்கு வந்தவர்களிடம் வாயில் வந்தது அது. சொல்லச் சொல்ல, நடந்த மாதிரியே ஆகிவிட்டது. வண்டியில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்தது மட்டும் நிஜம். அன்று கிருஷ்ணகிரி ரோட்டில் ஓட்டும்போது கண்ணாடியில் சூப்பர்வைசர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறு தெரியவில்லை என்று அவர் எதிரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியுதா மச்சான்?" என்று கேட்டீர்கள்.

"ஆமா மாப்பிள்ளை, எனக்கும் நல்லாவே ஆடுது" என்றேன்.

உங்கள் முகம் அப்படியே தெளிந்தது. "நல்லவேளை, நான் என் கைதானோன்னு பயந்துட்டேன்" என்றீர்கள்.