மெதுவண்டிக்கு எழுதிய பதில்

மார்ச் 6, திங்கள்

கழுத்துப் பயிற்சி, வலம் பத்து இடம் பத்து: செய்தாயிற்று. கண்ணுக்குச் சொட்டு மருந்து: காலையில் மறந்தேன், மாலையில் விட்டேன். பெயின்ட் அடிக்கும்போது முகமூடி: போட்டேன். ஆனாலும் தின்னர் நெடி தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குக் கைப்பயிற்சி: ஐந்து நிமிடம். அதற்காக நான் வாங்கிய திட்டு: அரை மணி நேரம்.

டிசம்பரில் வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு கால் தேறிவிட்டது, வாய் தேறிவிட்டது (அது எப்போது கெட்டது?), வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் பந்தைத் தூக்கி எறிகிறார், இடது கையால். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனை ஒரு பந்தை வைத்துக்கொண்டு மடக்க முடியுமா?

பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் இன்று என் மேசையைப் பார்த்தாள். பாதி முடிந்த மாடல் போர்க்கப்பல், இடுக்கிகள், குண்டூசி கனத்துக்குத் தூரிகைகள். "அக்கா, இந்த வேலையே அவருக்குக் குடுங்களேன். விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மொத ஆறு மாசத்துல வர்றதுதான் வரும். அப்புறம் விரல் மடங்கி இறுகிட்டா நான் வந்தும் புண்ணியமில்ல."

அலமாரியில், பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டுகிற பஸ் கிட் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 9, வியாழன்

நான் பல் செய்கிற லேபுக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஒட்டுகிறார். நான் வந்ததும் துணியைப் போட்டு மூடிவிடுகிறார். திறந்து பார்த்தேன். கூரையெல்லாம் பசைக் கைரேகை. ஒரு திருட்டுக்கு இத்தனை தடயம் கிடைத்தால் போலீஸ்காரர் கோயில் கட்டுவார்.

"பரவாயில்லையே" என்றேன். குழந்தை கிறுக்கிய சுவரைப் பார்த்து அம்மாக்கள் சொல்கிற குரலில்தான் சொன்னேன். வேறென்ன சொல்ல.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பதினொரு மாதம் செலவழித்து ஒரு பாய்மரக் கப்பல் முடித்தேன். கயிறு மட்டும் இருநூறு முடிச்சு. டிப்போ நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பார்க்க இவர் அதன் குறுக்குக் கம்பு ஒன்றை முறித்து, காது குடைந்தார். "இப்பதான் இது ஒரு வேலைக்கு ஆச்சு" என்றார். நாலு பேரும் சிரித்த சிரிப்பில் டீ கிளாஸ் தளும்பியது. நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை — நானும் சிரித்தேன்.

மார்ச் 15, புதன்

லேபில் மதியச் சாப்பாட்டு நேரம். வழக்கம்போல் போனை ஒரு பிளாஸ்டர் தாடையில் சாய்த்து வைத்து, யாரோ ஒருவர் விமானம் கட்டும் வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுச் சாப்பிட்டேன். பிறகு எங்கள் குழுவைத் திறந்தேன். மாடல் கட்டுகிறவர்கள் மூவாயிரம் பேர் இருக்கிற குழு. நான் அதில் மூன்று நிர்வாகிகளில் ஒருத்தி. என் புனைபெயர் கூர்க்கத்தி. அங்கே நான் சொன்னால் சொன்னதுதான்.

புதிதாக ஒரு ஆள் படம் போட்டிருந்தார். பெயர் மெதுவண்டி. "முதல் முயற்சி. குறைகளைச் சொல்லவும்." கோணலாக ஒட்டிய கதவோடு ஒரு பஸ். அதற்கடியில் பச்சை நிற வெட்டுப்பலகை. அதன் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி பட்டுக் கருகிய முக்கோணம்.

அது என் பலகை. நான்தான் கருக்கினேன்.

இந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார், ஊரிடம் கேட்பார். சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினேன்: "இதைக் கையால் ஒட்டினீர்களா, காலாலா?"

நாற்பத்தொரு பேர் சிரித்திருந்தார்கள். சாயங்காலம் வரை எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஒரு முன்பல்லுக்கு நிறம் தப்பாகப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன். அப்போதும் சிரிப்பு வந்தது.

மார்ச் 16, வியாழன்

கதவைப் பிய்த்து நேராக ஒட்டியிருக்கிறார்.

மார்ச் 26, ஞாயிறு

மெதுவண்டி இதுவரை ஆறு படம் போட்டாயிற்று. நான் ஆறுக்கும் எழுதினேன். "சக்கரம் நாலும் நாலு திசைக்குப் போகிறதே, பயணிகளுக்கு எந்த ஊர் டிக்கெட்?" "இந்தப் பெயின்டைத் தூரிகையால் அடித்தீர்களா, துடைப்பத்தாலா?" ஒவ்வொரு தடவையும் "நன்றி, சரிசெய்கிறேன்" என்று ஒரே பதில். ஒவ்வொரு தடவையும் சரிசெய்கிறார்.

பிசியோ பெண் இன்று குதிக்காத குறை. ஏழு நிமிடம் இடுக்கியைக் கீழே போடாமல் பிடித்தாராம். "என்னக்கா மந்திரம் போட்டீங்க?" கசப்பு மருந்துதான் வேலை செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். மருந்து கொடுக்கிறவளுக்கு இவ்வளவு ருசிக்குமா என்ன?

மார்ச் 29, புதன்

சட்டையின் மேல் இரண்டு பட்டனை அவரே வலது கையால் போட்டுக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று ரொம்ப நேரம் அந்தப் பட்டன்களையே பார்த்தார். நான் சமையலறையிலிருந்து பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, சனி

டிப்போ நண்பர் ஒருவர் வந்தார். அன்றைக்குச் சிரித்த நாலு பேரில் ஒருவர். இவர் துணியை விலக்கிப் பஸ்ஸைக் காட்டினார். உள்ளே சீட்டெல்லாம் ஒட்டி முடித்து, மேல்கூரையை மூடிவிட்டார். ஜன்னல் கண்ணாடிதான் பாக்கி.

நண்பர் என் கப்பலைக் காட்டி, "உங்க வீட்டம்மாகிட்ட கத்துக்கிட்டதா?" என்றார்.

"அவ பண்றது பொம்மைப்பா. இது நான் ஓட்டின வண்டி. வித்தியாசம் இருக்கில்ல?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் டீ கொடுத்தேன். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

மெதுவண்டி குழுவில் கேட்டிருந்தார்: "ஜன்னல் கண்ணாடிகளை எதைக்கொண்டு ஒட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லவும்."

தெரிந்தவள் சொன்னேன். "சூப்பர் குளூ. தாராளமாக வையுங்கள். ஒட்டியதும் தூசி படாமல் ஒரு பெட்டியால் கவிழ்த்து மூடி, மறுநாள் திறங்கள்."

இந்தக் கலையில் மூன்றாவது நாளே படித்துவிடுகிற பாடம் இது: கண்ணாடிப் பாகத்துக்கு வெள்ளைப் பசை மட்டும்தான். சூப்பர் குளூ காயும்போது ஆவி விடும். அந்த ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும். மூடிவைத்தால் வெளியே போக வழியில்லாமல் மொத்தமும் அங்கேயே படியும்.

யாரோ ஒரு நல்ல பிள்ளை உடனே, "அண்ணா வேண்டாம், கண்ணாடி வெளுத்துவிடும்" என்று எழுதியது. நிர்வாகிக்கு எதற்கு அதிகாரம்? அதை அழித்தேன்.

பிறகு நாலு கடைவாய்ப் பல் செய்தேன். எல்லாம் அளவு சரியாக வந்தது.

ஏப்ரல் 4, செவ்வாய்

எழுத வரவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடும் போலிருக்கிறது.

லேபிலிருந்து வந்தேன். வரும் வழியெல்லாம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிக்கொண்டே வந்தேன் — அச்சச்சோ, யார் சொன்னது இப்படி ஒட்ட — இந்த மாதிரி. அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. பதினாலு ஜன்னலும் கண்புரை விழுந்த மாதிரி வெளுத்துக் கிடந்தன.

முன் கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் தப்பியிருந்தது. அந்த வழியாக உள்ளே பார்த்தேன். டிரைவர் சீட்டில் காக்கிச் சட்டை போட்டு, விரல்நக உயரத்தில் ஒரு பொம்மை. அதற்கு நேர் பின் சீட்டில் நீலப் புடவை கட்டி ஒருத்தி. கல்யாணமான புதிதில் நான் அவர் வண்டியில் அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்து வேலைக்குப் போவேன். நீலப் புடவை ஒன்றுதான் அப்போது என்னிடம் உருப்படியாக இருந்தது. அதற்கு ஒரு கரை கூட வரைந்திருந்தார். தூரிகையின் ஒற்றை மயிரால் போட்ட கரை. வலது கையால். நடுங்கிய கோடுதான். ஆனால் கரை.

பழகிய முகம் மறந்துபோச்சு. "யாருங்க இப்படி ஒட்டச் சொன்னது?" என்று மட்டும் வாய் கேட்டது.

"நீதான்."

"நானா?"

"கூர்க்கத்தி நீதானே. உன் கப்பல் படத்தத்தானே போட்டிருக்க. மொத நாளே தெரியும்."

தோள் பையைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"வீட்ல கேட்டா பரவாயில்லம்ப. அங்கதான் உள்ளத சொன்ன. ஒரு பையன் வேண்டாம்னு போட்டான். அதயும் பாத்தேன். அழிச்சிட்ட. சரி, அவனுக்கென்ன தெரியும், இவ இருவது வருஷமா பண்றாளேன்னு நெனச்சேன். நீ என்ன எவ்வளவு வேணா ஏசுவ. வேலையில பொய் சொல்லமாட்டன்னு நெனச்சேன்."

கத்தியிருக்கலாம். பஸ்ஸைத் தூக்கி என்மேல் எறிந்திருக்கலாம். எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! எழுந்துபோய் டிவி போட்டுக்கொண்டார்.

நான் என்ன பண்ணிட்டேன்? ஏன் பண்ணேன்? காது குடைந்த ஒரு குச்சிக்காகவா?

ஏப்ரல் 5, புதன்

லேபுக்கு லீவு. கண்ணாடியை மீட்க வழி இருக்கிறது. கழற்றி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு வார்னிஷில் முக்கினால் முக்கால்வாசி தெளிந்துவிடும். சொன்னேன். காலில் விழாத குறையாகச் சொன்னேன். "நானே பண்ணித் தரேங்க."

"ஒன்னும் வேணாம்."

"நீங்களே பண்ணுங்க, நான் பக்கத்துல உக்காந்து—"

"எதுக்கு? இதுவும் நிஜமா பொய்யான்னு எனக்கெப்படித் தெரியும்?"

உப்புத்தாளைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

பஸ்ஸை அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். பந்தைத் தொடுவதில்லை. இடுக்கியைத் தொடுவதில்லை. கை மடியில் கிடக்கிறது. டிவியில் செய்தி ஓடுகிறது, முடிந்து மறுபடி அதே செய்தி ஓடுகிறது.

பிசியோ பெண் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். வாசல் வரை போய் என்னைக் கூப்பிட்டு, "நல்லா வந்துக்கிட்டிருந்தாரேக்கா. என்ன ஆச்சு?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன். இது என் மூன்றாவது பொய், ஆகக் கேவலமானது. முதல் பொய் சூப்பர் குளூ, இரண்டாவது 'யாருங்க இப்படி ஒட்டச் சொன்னது'.

ஏப்ரல் 20, வியாழன்

குழுவில் எழுதினேன். மெதுவண்டி என் கணவர், நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர், தெரிந்தே அவருக்குத் தவறாகச் சொல்லிக் கெடுத்தேன், என்னை நிர்வாகிப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று.

நூற்றுப்பதினெட்டு பேர் சிரித்திருக்கிறார்கள். "கூர்க்கத்தி ஸ்டைலே தனி." "பாவம் அந்தப் புருஷன்!" "அடுத்த பாகம் எப்போது?"

நிஜம் என்று மறுபடி எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள். இவர்களை இப்படிச் சிரிக்கப் பழக்கியவள் யார்? செயலியை அழித்தேன். மதியம் பிளாஸ்டர் தாடைகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பல்லெல்லாம் தெரிய, அவையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மே 11, வியாழன்

கழுத்துப் பயிற்சி இல்லை. கண் மருந்து தீர்ந்துவிட்டது, வாங்கவில்லை. போர்க்கப்பலைத் தொட்டு ஒரு மாதம் ஆகிறது. யாருக்கு வேண்டும்.

ஜூன் 30, வெள்ளி

ஆறு மாதம் தாண்டிவிட்டது. பிசியோ பெண் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். விட்டதும் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. "இனிமே வாராவாரம் நான் வர வேண்டியதில்லக்கா. இருக்கறத காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான். உள்ளங்கையச் சுத்தமா வச்சுக்குங்க. நகத்த வளர விடாதீங்க, சதைல குத்திடும்."

அவள் போனதும் காலையில் நான் போட்டுவிட்ட சட்டை பட்டனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஞாயிறு நகம் வெட்டும் நாள். வெதுவெதுப்பான தண்ணீரில் முஷ்டியைக் கால்மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பலவந்தம் கூடாது. உள்ளங்கையில் நாலு நகத்தடம் எப்போதும் சிவந்திருக்கும். மருந்து தடவி, துணி வைக்க வேண்டும். இவ்வளவு பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

இன்று பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது மகள் போனில் கூப்பிட்டாள். கை காலியில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா எப்படி இருக்க, உன் உடம்பையும் பாத்துக்கோ, எல்லாம் கேட்டாள். பிறகு அப்பாவிடம் கேட்டாள், நான் ஐந்து மாதமாகப் பயந்துகொண்டிருந்ததை.

"ஏம்ப்பா, அம்மாகூடச் சேர்ந்து ஒரு பஸ் பண்ணிக்கிட்டிருந்தீங்களே. கை நல்லா வருதுன்னாங்களே. ஏன் விட்டீங்க?"

மோதிர விரல் என் பிடியில் இருந்தது. நான் நிமிரவில்லை. சொல்லட்டும், சொல்லிவிடட்டும் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"எனக்குப் பொறுமை இல்லம்மா" என்றார். "உங்கம்மா எவ்வளவோ சொல்லிக் குடுத்தா. நான்தான் கேக்கல."

"நீங்க எப்பவுமே இப்படித்தாம்ப்பா. அம்மா பாவம்" என்றாள் மகள்.

"ஆமா, பாவம்" என்றார். அவர் கண் டிவியில் இருந்தது.

நான் அடுத்த விரலைப் பிரித்தேன்.