நாற்பது கணினிகளில் ஓட்டிப் பார்த்தவன்

மார்ச் 3
ஜெராக்ஸ் எடுக்க வந்த அத்தனை பேரிடமும் இன்றும் சொன்னேன்: உலகமே பயன்படுத்தும் மென்பொருள் என் கையைத் தாண்டித்தான் வெளியே போகிறது என்று. பொய்யா? புகைப்படங்களைச் சுருக்கும் அந்த மென்பொருளைப் பராமரிப்பவள் என் அக்கா மகள். இலவசம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். புதியதை முதலில் ‘சோதனைப் பதிப்பு’ என்றுதான் விடுவாள். நாங்கள் மூன்று பேர் ஓட்டிப் பார்த்துச் சரி என்றால் ‘சோதனை’யை நீக்கிவிடுவாள். மற்ற இருவரும் பொறியாளர்கள். எட்டாவதோடு நின்றவன் என்பதற்காக நான் இளைத்தவனாகிவிட முடியுமா? “நாற்பது கணினி, பத்தாயிரம் படம், ஒரு பிசிறு இல்லை” என்று எழுதிப் போட்டேன். கடையில் இருப்பது ஒன்று. ஓட்டியது ஏழு படம். ஏழும் தங்கமாக வந்ததே!

மார்ச் 5
“மத்த ரெண்டு பேரும் இன்னும் ஒரு வாரம் கேட்டாங்க மாமா. நீங்க நாற்பதுன்னு சொன்னதால தைரியமா வெளியிட்டுட்டேன்” என்றாள் போனில். பொறியாளர்களை ஜெயித்தாயிற்று!

மார்ச் 9
பெரிய படங்களின் கீழ்ப்பகுதி வெறும் சாம்பல் நிறமாகிவிடுகிறதாம். சுருக்கிய படத்தை மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடுவதால் மீட்க வழியில்லை. நான் ஓட்டிய ஏழும் சின்னச் சின்ன பாஸ்போர்ட் படங்கள்.
குறைகள் எழுதும் பக்கத்தில் யாரோ ஒருவர்: “என் தாயின் கடைசிப் படம். நெற்றி மட்டும் மிச்சம்.”
நெற்றி மட்டும் — இதை ஏன் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்?

மார்ச் 10
அக்கா கடைக்கே வந்துவிட்டாள். “டேய், உன் புளுகை என்னோட நிறுத்திக்கக் கூடாதா? புள்ள சாப்பிடவே இல்ல. ஊர் உலகமெல்லாம் அவளைத் திட்டுது.”
  அவள் போனதும் கடையைச் சாத்தினேன்.

மார்ச் 11
அக்கா மகளிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு கணினி, ஏழு படம்.
“ஏழுன்னே எழுதியிருக்கலாமே மாமா. நான் பொறுத்திருந்திருப்பேன்.”
கத்தியிருக்கலாம் அவள்.

மார்ச் 24
திருத்திய சோதனைப் பதிப்பு வந்தது. கடையைப் பாதி நாள் சாத்திவிட்டு ஓட்டினேன். போனைப் படுக்கவைத்து எடுத்த ஒரு படத்தில் விரல் அகலத்துக்கு அதே சாம்பல். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை.
ஒரு பொறியாளரின் பதில்: “நாற்பது கணினிக்காரர் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.”
அக்கா மகள் எதுவும் எழுதவில்லை. அவளுமா?

மார்ச் 26
வெளியிட்டுவிட்டாள்.

ஏப்ரல் 2
மறுபடியும் சாம்பல் பட்டை, யார் யாருடைய படங்களிலோ. பராமரிப்பைப் பொறியாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டாள். மாலையில் போன் செய்தாள். “நீங்க சொன்னது சரிதான் மாமா. நான்தான் நம்பல.” குரல் அவளுடையதாகவே இல்லை.
போனை வைக்கும்போது கடை நிறைய ஆட்கள். தினமும் வரும் பால்காரர் கேட்டார்: “என்னண்ணே, உலக மென்பொருள் எப்படிப் போகுது?”
“ஒரு பக்கமா, ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?” என்று கேட்டு, அவர் கையிலிருந்த தாளை வாங்கி இயந்திரத்தில் வைத்தேன்.