கொக்கியில் பாரம் ஏறிய பிறகு

திங்கள், மார்ச் 9

காலையிலேயே புழுக்கம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசையவில்லை. திருவொற்றியூர் தாண்டவே முக்கால் மணி நேரம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்தாயிற்று.

யார்டு பலகையில் என் பெயர். ‘புதன்: டிரான்ஸ்ஃபார்மர், 82 டன், இரண்டு கிரேன். பொறுப்பு: ஸ்டெல்லா.’ பதினான்கு வருடம் பிளானிங் அறையில் படம் வரைந்து கொடுத்தவள். வெளியே வெயிலில், பொறுப்பாக, இதுதான் முதல் முறை. மேனேஜர் சார் நேராகவே சொல்லிவிட்டார்: “நல்லபடியா டிரெய்லர்ல ஏத்திட்டா யார்டு உங்களுது. இல்லேன்னா பழைய நாற்காலிதான். தப்பா நினைக்காதீங்க.” நினைக்கவில்லை என்றேன். நினைத்தேன்.

மதியம் ஒத்திகை, ஒரு கான்கிரீட் கட்டையை வைத்து. சிக்னல் காட்டுவது தாஸ் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. கிரேன் ஓட்டும் பாஷா பாய், முனுசாமி, இருவருக்கும் கண் அவர் கை மேல். கட்டை இடுப்பு உயரம் போனபோது என் பக்கம் தாழ்ந்தது. “பாஷா பாய், நிறுத்துங்க” என்று கத்திவிட்டேன். அவர் நிறுத்தினார். முனுசாமி நிறுத்தவில்லை, தாஸின் கை இன்னும் ‘மேலே’ என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. கட்டை சாய்ந்து ஊசலாடியது. யாருக்கும் அடியில்லை.

தாஸ் அண்ணன் கட்டையைப் பத்திரமாக இறக்க வைத்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். “மேடம், ஒண்ணு நீ கைய ஆட்டு, இல்ல நான் ஆட்றேன். ரெண்டு பேரும் ஆட்னா அது இன்னா டான்ஸா?” டீக்கடைக்குப் போய்விட்டார். கோபம் வந்தால் அவருக்கு மேடமும் நீயும் சேர்ந்தே வரும்.

முனுசாமி யாரிடமோ: “படம் வரைஞ்சுகினு இருந்தவங்க. வுடு.”

செவ்வாய், 10

தூக்கம் இல்லை. நேற்றைக் கணக்குப் போட்டேன்.
பார்த்தது சரி. (பிறகு அளந்தோம், நான்கு அங்குலம் தாழ்வு.)
நிறுத்தச் சொன்னது சரி.
ஒருவரிடம் மட்டும் சொன்னது தப்பு. அது போதும், ஆளைக் கொல்ல.

பொறுப்பு என்றால் கடைசி வார்த்தை என்னுடையது என்று நினைத்திருந்தேன். தூக்கலாமா, வேண்டாமா, எப்போது: அது என்னுடையதுதான். கொக்கியில் பாரம் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் தாஸின் ஆள். இரண்டும் ஒரே காலையில், ஒரே தொப்பியோடு.

எட்டு மணிக் கூட்டத்தில் எல்லோர் முன்பும், “நேத்து கத்தினது என் தப்பு” என்றேன். தாஸ் அண்ணன் கிரேன் உச்சியைப் பார்த்துக்கொண்டு, “காலங்காத்தால இன்னாத்துக்கு மேடம் பேஜாரு? வுடு” என்றார். காது சிவந்திருந்தது. அவருக்கும், எனக்கும்.

திட்டத்தில் புதிதாக ஒரு பத்தி. பாரம் மேலே இருக்கும்போது தாஸ் தவிர யாரும் பேசக் கூடாது. ஆபத்து தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். சத்தம் வேண்டாம், இரண்டு கையையும் தூக்கினால் போதும். இரண்டு கிரேனும் நிற்கும். நின்ற பிறகு சரிசெய்து, திரும்பத் தொடங்கச் சொல்வது நான்.

மேனேஜர் சார் படித்தார். “எனக்குமா வாய்ப்பூட்டு?”
“எனக்கும்தான் சார்.”
கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தேட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

மாவு அரைக்கக் கொடுத்தேன். கேஸ் பதிவு செய்தாயிற்று.

புதன், 11

டிரெய்லர் வர பதினொன்றரை. அதற்குள் கடல் காற்று ஏறிவிட்டது. கிரேன் காற்றுமானியில் முள் அனுமதித்த அளவைத் தாண்டித் தாண்டி வந்தது. வேண்டாம் என்றேன்.

மேனேஜர் சார் விடவில்லை. “கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புது. இருபது நிமிஷ வேலை. நான் சொல்றேன், தூக்குங்க.”

இந்த மனிதர் சொன்னதை நான் தட்டியதே இல்லை. “தூக்கலாமா வேண்டாமான்னு சொல்றது இன்னைக்கு என் வேலை சார். வேண்டாம். நாளைக்குக் காலையில ஆறு மணி.”

கார் கதவைச் சாத்திய சத்தம் யார்டு முழுக்கக் கேட்டது.

தாஸ் அண்ணன் மெல்ல வந்தார். “மெய்யாலுமே சொல்ட்டியா?”
“சொல்லிட்டேன்.”
“நாளிக்கும் காத்து அடிச்சா?”
“நாளைக்கும் வேண்டாம்பேன்.”
“அப்பறம் உன் சீட்டு கிழிஞ்சிரும்.”
“கிழியட்டும் அண்ணா.”
கையுறையை மாட்டிக்கொண்டார். “காலைல நாலு இட்லி சேத்துக் கட்டிகினு வா. அந்நேரத்துக்குக் கட இருக்காது.”

வீட்டில் கணவர் ஜான் வைத்திருந்தது சங்கரா மீன் குழம்பு. நல்லாயிருந்திருக்கும், எனக்குத்தான் ருசி தெரியவில்லை.

வியாழன், 12

நான்கரைக்கு எழுந்தேன். ராயபுரத்தில் இலை அசையவில்லை. எண்ணூரில் புகைபோக்கிப் புகை நேராக மேலே. ஆறு மணிக்கு “தூக்கலாம்” என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதோடு என் அதிகாரம் முடிந்தது.

தாஸ் அண்ணன் விரல் சுழன்றது. எண்பத்திரண்டு டன் தரையை விட்டது. யாரும் பேசவில்லை. என் வாய்க்குள் மூன்று முறை ‘மெதுவா’ வந்தது, மூன்று முறையும் விழுங்கினேன். டிரெய்லர் பின்னால் வந்து அடியில் நின்றது. உள்ளங்கை கீழே திரும்பியது. இறக்கம்.

அப்போது மேனேஜர் சார், மஞ்சள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு கையையும் தூக்கினார். சத்தமே இல்லை.

தாஸ் அண்ணன் கையை முஷ்டியாக மடக்கினார். இரண்டு கிரேனும் ஒரே மூச்சில் நின்றன. பாரம் ஊசலாடவே இல்லை. நான் அந்தப் பக்கம் சுற்றி ஓடினேன். டிரெய்லர் மேல் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார வேண்டிய மரக்கட்டைகளில் ஒன்று நழுவி, ஒருக்களித்துக் கிடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து தெரியவே தெரியாது. அப்படியே இறக்கியிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

டிரெய்லரை முன்னால் எடுக்கச் சொன்னேன். கட்டையைச் சரியாக வைத்து, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினோம். பத்து நிமிடம். திரும்பிப் பார்த்தால் மேனேஜர் சார் இன்னும் கையைத் தூக்கியபடியே நிற்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. கண் என் மேல். தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று நான் திட்டத்தில் எழுதவில்லை.

“இறக்கலாம் சார்.”

கையையும் இறக்கினார், மூச்சையும். தாஸ் அண்ணனுக்குத் தலையசைத்தேன். ஆறு மணி முப்பத்தைந்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் கட்டைகள் மேல் உட்கார்ந்தது, குழந்தையைத் தொட்டிலில் விட்ட மாதிரி. பாஷா பாய் நீளமாக ஹாரன் அடித்தார். அடிக்கக் கூடாது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேனேஜர் சார் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார். “நேத்து அந்தக் காத்துல தூக்கியிருந்தா...” முடிக்கவில்லை. “திங்கக்கிழமை இன்னொண்ணு வருது. நீங்களே பாத்துக்குங்க. நான் எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க.”

டிரெய்லர் கிளம்பிய பிறகு இட்லி. தாஸ் அண்ணன் வாயில் இட்லியோடு: “மேடம், மேனேஜரு இன்னா அழகா கைய தூக்குறாரு. நம்ம கேங்குல சேத்துக்கலாமா?”

“புது ஆளு. திங்கக்கிழமை எப்படி நிக்கிறாருன்னு பாக்கலாம்” என்றேன்.