நாணல்பாடியில் ஞாயிறுதோறும் பெய்யாத மழை

அனுப்புநர்:
உ. கொளஞ்சியம்மாள் (வயது 53),
க/பெ உத்திராபதி,
வடக்குத் தெரு, நாணல்பாடி,
காட்டுமன்னார்கோயில் வட்டம்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: மழைமானிப் பதிவு – நாணல்பாடி பாசனப் பிரிவு அலுவலகம் – விடுமுறை நாட்களில் பொய்யாகச் சுழியம் எழுதியது – அதை நம்பிய கணினி ஆய்வு தவறியது – தெற்குத் தெரு வெள்ள அபாயப் பட்டியலிலிருந்து நீக்கம் – செல்லாயி என்பவர் உயிரிழப்பு – விசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பிரிவு அலுவலருக்கு நான் அளித்த மனு, நாள் 09.09.2019.
2. பிரிவு அலுவலகம் வினோதினிக்கு அனுப்பிய கடிதம், நாள் 19.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 23.11.2025 ஞாயிறு காலை பத்து மணியளவில், எங்கள் ஊர் தெற்குத் தெருவில் வசித்த செல்லாயி (66) என்பவர், வெள்ளத்தில் ஊறிய மண்சுவர் மேலே சரிந்து இறந்தார். முந்தைய நாள் பிடித்த மழை அப்போதும் விடவில்லை. மழையால் நேர்ந்த மரணம் என்று சான்று கேட்டு அவருடைய மகள் வினோதினி விண்ணப்பித்தார். பார்வை 2-இல் கண்ட கடிதம் பதிலாக வந்தது. “மேற்படி நாளில் மேற்படி பகுதியில் பதிவான மழை 0.0 மி.மீ. ஆகவே கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல” என்று அதில் உள்ளது.

2. அக்கடிதத்துடன் நானும் வினோதினியும் பிரிவு அலுவலகத்துக்குச் சென்றோம். வினோதினி அழவில்லை. “எங்கம்மா மேல சுவரு வுழுந்தப்ப நான் முட்டிக்கால் தண்ணியில நின்னுகிட்டிருந்தன் சார். மழையே இல்லன்னா அது எந்த வூட்டுத் தண்ணி?” என்று மட்டும் கேட்டார். பிரிவு அலுவலர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, “கம்ப்யூட்டர் ஆய்வுலயே உங்க ஊருக்குப் பெரிய மழை இல்லன்னு போட்டிருக்காங்கம்மா. அது தப்பாப் போச்சுன்னா நாங்க இன்னா பண்றது?” என்றார். எங்களை உட்காரச் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

3. அந்தக் கணினி ஆய்வு எது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எங்கள் பகுதி வடிகால் வாய்க்கால்களை அகலப்படுத்தும் திட்டத்துக்காக 2024-ஆம் ஆண்டு ஓர் ஆலோசனை நிறுவனம் அறிக்கை அளித்தது. “வங்கக் கடல் சூடேறிய ஆண்டுகளிலும் நாணல்பாடியில் கனமழை கூடவில்லை” என்பது அதன் முடிவு. அதைக் காட்டி எங்கள் வாய்க்காலைத் திட்டத்திலிருந்தும், தெற்குத் தெருவை வெள்ள அபாயப் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். பட்டியலில் இருந்தவரை, மழை வலுத்தால் தெற்குத் தெருக்காரர்களை முதல் நாளே பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். கடந்த நவம்பரில் அவர்களை அழைக்க யாரும் வரவில்லை.

4. இந்த ஆண்டு பிப்ரவரியில் சிந்துஜா என்னும் ஆய்வு மாணவி என்னைத் தேடி வந்தார். அண்ணாமலை நகரில் தங்கிப் படிப்பவர். கடல்நீரின் வெப்பம் வட்டார மழையை எப்படி மாற்றுகிறது என்பதைக் கணினியில் கணக்கிடுவது அவருடைய ஆய்வு. பிரிவு அலுவலக வளாகத்து மழைமானியில் 2008 முதல் 2022 மார்ச் வரை பகுதிநேரப் பணியாளராக அளவெடுத்தவள் நான் என்பதால் வந்திருந்தார். கையிலிருந்த தாள்களை விரித்து அவர் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, உங்க ஊர்ல மட்டும் ஞாயித்துக்கெழம மழையே பெய்யாதா?”

5. ஜூன் 2019 முதல் நவம்பர் 2025 வரை முன்னூற்று நாற்பது ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்றில்கூட ஒரு துளி மழை பதிவாகவில்லை. தீபாவளி, பொங்கல் விடுமுறைகளிலும் அவ்வாறே. கடல் எங்கள் அலுவலகத்தின் விடுமுறைப் பட்டியலைப் பார்த்தா மேகத்தை அனுப்புகிறது, ஐயா?

6. சிந்துஜா விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வங்கக் கடலையும் அப்பாலுள்ள பெருங்கடல்களையும் அவற்றின் மேலுள்ள காற்றையும் கணினியில் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எவ்வளவு சூடு, அதிலிருந்து எவ்வளவு ஈரம் மேலேறும், காற்று அதை எத்திசைக்குத் தள்ளும் என்று கணினி கணக்கிட்டுக்கொண்டே போகும். தொடக்க நிலையைச் சற்று மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கட்டங்கள் பெரியவை; சிதம்பரமும் காட்டுமன்னார்கோயிலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே ஊரளவுக்குக் கொண்டுவர, அந்தந்த ஊர் மழைமானியின் பழைய அளவுகளோடு ஒப்பிடுவார்கள். கணினி கூடுதலாகச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்குக் குறைப்பார்கள். எங்கள் ஊருக்குக் கணினி முதலில் சொன்னது கனமழையைத்தான். எங்கள் அலுவலகத்துச் சுழியங்களைப் பார்த்து, அது மிகையாகச் சொல்கிறது என்று குறைத்துவிட்டார்கள். கணினி மீது பழி போடும் அலுவலர், அதன் வாயில் பொய்யை ஊட்டியது யார் என்று சொல்லட்டும்.

7. இதற்குச் சாட்சி உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை திருமதி ஆரோக்கியம்மாள் மாணவர்களுக்காகப் பல ஆண்டுகளாக ஒரு மழைமானி வைத்திருக்கிறார். பள்ளிக்கு அடுத்த வீட்டில் இருப்பதால், ஞாயிறன்றும் காலை எட்டரைக்கு அளவெடுத்துவிட்டுத்தான் கோயில் பூசைக்குப் போவார். அவருடைய குறிப்பில் 23.11.2025 அன்று 118 மி.மீ., மறுநாள் 96 மி.மீ. அலுவலகப் பதிவில் முதல் நாள் சுழியம், மறுநாள் 41. பள்ளி அளவுகளை வைத்துச் சிந்துஜா மீண்டும் கணக்கிட்டார். கடல் சூடான ஆண்டுகளில் நாணல்பாடிக்குக் கனமழை கூடும் என்று பன்னிரண்டு ஓட்டங்களில் ஒன்பது சொல்கின்றன. மூன்று அப்படிச் சொல்லவில்லை. அதை மறைக்காமல் எழுதச் சொன்னவரும் அவரே. இருபத்தாறு வயது மாணவிக்கு இருக்கும் நேர்மை ஓர் அலுவலகம் முழுவதிலும் இல்லை.

8. இனி எழுதப்போவதை எழுத என் கை கூசுகிறது. 2019 ஜூனில் காவலாளி பணியிடத்தை நீக்கியதும், விடுமுறை நாட்களில் வளாகத்தின் கதவைப் பூட்டத் தொடங்கினார்கள். சாவி கேட்டுப் பார்வை 1-இல் கண்ட மனுவைக் கொடுத்தேன்; பதில் இல்லை. திங்களன்று திறந்தால் பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் சேர்ந்து கிடக்கும். அலுவலக உதவியாளர் என்னிடம், “இந்தா கொளஞ்சி, மூணு நாள் தண்ணிய ஒரே நாள்ல காட்டுனா மேலேருந்து கேள்வி வரும். அளவா எழுதிக் கையெழுத்த போடு” என்றார். ஞாயிறுக்குச் சுழியம் எழுதினேன். திங்களுக்கு அவர் சொன்னதை எழுதினேன். மீதித் தண்ணீரை மதில் ஓரத்தில் கொட்டினேன். மறுத்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். 2022 மார்ச்சில் எப்படியும் போயிற்று; எனக்குப் பின் அளவெடுத்தவர்களும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். சிந்துஜா விரித்த தாள்களில், முப்பத்து நான்கு மாதங்களுக்கு என் கையெழுத்து இருந்தது.

9. ஆகவே தங்களிடம் நான் கோருவது: 2019 முதலான அப்பதிவுகள் செல்லாதவை என்று அறிவித்து, பள்ளி அளவுகளைக் கொண்டு ஆய்வை மீண்டும் செய்ய வைக்க வேண்டும். வரும் ஐப்பசிக்குள் தெற்குத் தெருவைப் பட்டியலில் சேர்த்து, வாய்க்காலை அகலப்படுத்த வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் வேறெந்த மழைமானி ஞாயிறன்று பூட்டிக் கிடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வினோதினிக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்று, அதில் கையெழுத்திட்டவர் நேரில் வந்து அவரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். எழுதச் சொன்னவர், கண்டும் காணாமல் இருந்தவர் ஆகியோரோடு, எழுதிய என் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏழை, பெண், தற்காலிகப் பணியாளர் என்று எனக்குச் சலுகை காட்ட வேண்டாம். என்னை மட்டும் மாட்டிவிட்டு மற்றவர்கள் தப்பவும் விட வேண்டாம்.

10. ஒன்பதாம் பத்தி வரை எழுதியதும், இம்மனுவை அனுப்புமுன் வினோதினிக்குப் படித்துக் காட்டினேன். எட்டாம் பத்தி வந்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்து மனுவைக் கேட்டார். “நானும் கையெழுத்து போடறன் அத்த. உங்கள மன்னிச்சிட்டன்னு நெனச்சிக்காதீங்க” என்றார். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

இடம்: நாணல்பாடி
நாள்: 16.03.2026

இப்படிக்கு,
(ஒப்பம்) உ. கொளஞ்சியம்மாள்
(ஒப்பம்) வினோதினி, தா/பெ காலஞ்சென்ற செல்லாயி

இணைப்பு: பார்வையில் கண்ட இரு கடிதங்களின் நகல், பள்ளி மழைமானிக் குறிப்புகள், நான் கையெழுத்திட்ட மாதப் பதிவுத் தாள்கள் – 34.